வாசற்படியை அறுத்த மருமகள்

எழுபத்து மூன்று, எழுபத்து நாலு வாக்கில் நடந்தது இது. வருஷம் சரியாக நினைவில்லை. என் சின்ன மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய சமயம், அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். ஊர், மலையாளச் சீமைச் சித்தூர் தாலுகாவில், எல்லையை ஒட்டிய எருத்தேன்பதிப் பக்கம். ரேஷன் கார்டும் பஸ் போர்டும் மலையாளம். ஆனால் தோட்டத்துக்குள் வந்துவிட்டால் பேச்சு, சோறு, சண்டை எல்லாம் கோயமுத்தூர்தான். நான் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பத்தாவது வரை படித்திருந்தேன். அந்த வீட்டுப் பெண்களில் அவ்வளவு படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்.

என் மாமனார் நல்ல உயரம். கிணற்றுப் பாசனத்தில் பத்து ஏக்கர் பண்ணையம் பார்த்தவர். அவர் சத்தம் போட்டால் அடுத்த தோட்டத்து நாய் குரைக்கும். காலையில் பஸ் ஸ்டாப் முக்கில் இருந்த சாயாக்கடைக்கு நடந்து போவது ஒன்றுதான் அவருக்கு இருந்த சொகுசு. கடைக்காரர் மலையாளி, ஊருக்கே சேட்டன். கடைக்கு வருவது மலையாளப் பேப்பர் மட்டும். மாமனார் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அதனால் அவர் பேப்பரைக் கையில் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். அவர் சேக்காளிகள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். மந்திரிகள் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்வார் என்று கேள்வி. அது தெரிந்தும் அவர் படித்தால்தான் கேட்க நன்றாக இருக்கும் என்று வேறு யாரையும் படிக்க விடமாட்டார்களாம்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வலது கைக் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் கை முழுக்க. நடை சுருங்கியது, குரல் உள்ளே போனது. முகத்தில் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். மூளையில் வருகிற நோய், பார்க்கின்சன் என்று பெயர், தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். தீராவிட்டாலும் இருக்கிறவரை மனிதரை நல்லபடியாக வைத்திருக்கலாம், அதுவும் வைத்தியம்தான், எப்படியாவது நடக்க வையுங்கள், படுக்கையில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றாராம். என் வீட்டுக்காரர் அத்தனையும் ஒப்பித்தார். நாங்கள் முதல் வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அழுதோம்.

அழுது முடித்ததும் நான் வேலையில் இறங்கினேன். ஒருநாள் மாமனார் முன்வாசல் படியில் கால் இடித்துத் தடுமாறினார். விழவில்லை, சுதாரித்துக்கொண்டார். ஆனால் எனக்கு அது போதும். வாசற்படி எங்கள் பக்கத்து வீடுகளில் சாதாரணப் படி இல்லை. தரையிலிருந்து அரை அடி எழும்பிய கனத்த மரச்சட்டம். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிடுவது. அதை அறுத்துத் தரைமட்டமாக்கிவிட்டால் மாமனார் சுலபமாக வெளியே போய் வருவார் என்று நான் யோசனை சொன்னேன். என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். வாசற்படியை அறுத்தால் குடும்பம் விளங்காது என்றார். நான் விடவில்லை. ரெண்டு நாள் சோறு போடும்போதெல்லாம் அதையே பேசி என் வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவந்தேன்.

ஆசாரி வந்து அறுத்தார். மாமனார் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து என்னமோ முனகினார். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், “சரிங்க மாமா, இப்ப ஆயிருமுங்க மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதோடு நிற்கவில்லை. முன்னால் இருந்த மூன்று கல்படிகளை மண் போட்டு மூடிச் சரிவாக்கினேன். பொங்கல் நோம்பிக்கு வாசலைச் சாணி போட்டு நானே வழித்தேன். மேடு பள்ளமில்லாமல், இட்டிலித் துணி விரித்ததுபோல ஒரே மட்டமாக இருந்தது வாசல். பார்த்தவர்கள் எல்லாம், மாமனாருக்கு இப்படிச் செய்கிற மருமகள் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். எனக்கும் அதேதான் தோன்றியது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை அப்புறம்தான் ஆரம்பித்தது. படியை அறுத்த மறுநாளிலிருந்தே மாமனார் வாசலில் நின்றுவிட ஆரம்பித்திருந்தார். உள்ளே இருந்து நடந்து வருவார், வாசலுக்கு நேராக வந்ததும் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. கையைப் பிடித்து இழுத்தால் விழுவார். இரண்டு தரம் விழுந்தார், ஒரு தரம் நெற்றியில் தையல். நான் வழித்துவைத்த வாசலிலும் அப்படித்தான், நடுவில் கல்தூண் மாதிரி நிற்பார். சாயாக்கடைக்குப் போவது நின்றது. பிறகு ஆசாரத்தை, முன்கூடத்தை அப்படித்தான் சொல்வோம், தாண்டி வருவதும் நின்றது. தட்டில் போட்டதில் பாதி மிஞ்சியது. என் மாமியார் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் வாசற்படியை அறுத்த பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு, படிப்பில்லாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து மாமனாரின் தம்பி வந்தார். அவர் வந்து எதையாவது முடிவு செய்யாமல் போனதில்லை. அண்ணன் இனி நடக்க வேண்டாம், விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் யார் பார்ப்பது, ஆசாரத்தில் கட்டில் போட்டுப் படுக்கவைத்துவிடலாம் என்றார். கயிற்றுக் கட்டிலில் நடுவே ஓட்டை விட்டுப் பின்னி, கீழே சட்டி வைத்துவிட்டால் எல்லாம் அங்கேயே ஆகிவிடும், அடுத்த புதன்கிழமை கட்டில் வந்துவிடும் என்றார். மாமனார் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. என்ன என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது, ஆனால் சித்தப்பா முன்னால் அவருக்கு வாய் வராது.

கட்டில் வருவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. நிலக்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஆள்காரப் பெண்களுக்குக் கூழ் கொண்டு போனேன். பத்துப் பெண்கள் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் தோட்டத்துக்கு நடுவில், கிணற்றைப் பார்த்து, என் மாமனார் நடந்து போய்க்கொண்டிருக்கிறார். கூட யாருமில்லை, கோல்கூட இல்லை. பாத்தி பாத்தியாகக் கட்டின காடு அது, நாலு அடிக்கொரு குட்டி வரப்பு. ஒவ்வொரு வரப்பையும் காலைத் தூக்கித் தூக்கித் தாண்டி, செடி ஒன்றையும் மிதிக்காமல், பழைய மாமனாராகப் போகிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஆசாரத்திலிருந்து வாசலுக்கு வரமாட்டேன் என்கிறவர், காட்டில் ராஜா மாதிரி நடக்கிறார். மூன்று மாதமாய் அவரைத் தூக்கி நிறுத்தி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஊர்வாயெல்லாம் கேட்டிருந்தேன். கூழ்ப்பானையைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். கிணற்றுமேட்டில் அவரை எட்டிப்பிடித்து, பத்துப் பெண்கள் காதில் விழும்படி, “இத்தன நாளா எங்களையெல்லாம் ஏமாத்திட்டு இருந்தீங்களா மாமா? இங்க நடக்கற காலு ஊட்டுல நடக்காதுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

மருமகள் மாமனாரை நிமிர்ந்து பார்த்துப் பேசாத காலம் அது. களைக்கொத்துகள் அத்தனையும் நின்றன. மாமனார் திரும்ப முயன்றார். கிணற்றுமேடு மட்டமான தரை, கால் அங்கேயே ஒட்டிக்கொண்டது. முகம் மரம் மாதிரி இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. திட்டிவிட்டு ஓடிப்போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போனால் கிணற்றோரம் விழுந்துவிடுவார். வேறு வழியில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதால்தான் அவர் பேச ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நான் ஒரு முறுக்குத் தின்றிருக்கலாம், அவ்வளவு இடைவெளி.

“வரப்பு இருந்தா... காலு எந்திரிக்குது அம்மிணி. மட்டமா இருந்தா... எந்திரிக்க மாட்டேங்குது.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நடிக்கிறவர் இப்படியும் சொல்லலாம் அல்லவா? பார்த்துவிடுவோம் என்று ஒரு பெண்ணிடமிருந்து களைக்கொத்தை வாங்கி, அவர் பாதத்துக்கு முன்னால் மண்ணில் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். வரப்புகூட இல்லை, வெறும் கோடு. அவர் குனிந்து பார்த்தார். வலது கால் எழும்பியது, கோட்டைத் தாண்டி வைத்தார். நான் அவசரமாக இன்னொரு கோடு கிழித்தேன். இடது கால் வந்தது. இன்னொன்று. வலது கால். நான் அறுக்காமல் விட்ட பின்வாசல் படியைத் தாண்டித்தான் அவர் காட்டுக்கு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பின்பக்கமாக நடந்துகொண்டே நான் கோடு கிழிக்க, அவர் ஒவ்வொன்றாகத் தாண்டி வர, கிணற்றுமேட்டிலிருந்து வண்டித்தடம் வழியாக வீட்டுக்கு வந்தோம். களை வெட்டின பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டமாகப் பின்னாலேயே வந்தார்கள். ஒருத்தி, அம்மிணி பார்த்து, மாடு அடைக்கிற தொண்டுப்பட்டியில் போய் விழுந்துடாதே என்றாள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். வாசலுக்கு வந்தபோது என் மாமியார் முறத்தோடு வெளியே வந்தார். அவர் பார்த்த காட்சி இது: வழித்த வாசலை மருமகள் கொத்தால் வரட்டு வரட்டென்று கீறிக்கொண்டு பின்பக்கமாக வருகிறாள், நடக்க முடியாத புருசன் எதிரில் நடந்து வருகிறார், பின்னால் பத்துப் பெண்கள் சிரித்தபடி வருகிறார்கள். முறத்தைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முன்வாசலில் வந்து மாமனார் மறுபடி நின்றார். கீழே மரம், கொத்தால் கோடு விழாது. அறுத்த படி பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. சட்டென்று நான் உலக்கையைக் கொண்டுவந்து குறுக்கே போட்டேன். அந்த நேரத்திலும் என் மாமியார், உலக்கையைத் தாண்டக்கூடாது என்று எழுந்து வந்து எடுத்துவிட்டு, பொங்கலுக்கு வாங்கி மூலையில் காய்ந்துகொண்டிருந்த கரும்பைத் தன் கையாலேயே வைத்தார். உருளாமல் இருக்க ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டார். மாமனார் கரும்பைத் தாண்டி உள்ளே வந்தார். “நாந்தான் சொன்னனே, வாசப்படிய அறுத்த பாவம்னு” என்றார் மாமியார். காரணம் தப்பு, ஆனால் குற்றவாளி யார் என்பதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டேன், கல்யாணமாகி அதுதான் முதல் தரம்.

புதன்கிழமை சொன்னபடி கட்டில் வந்தது. சின்ன மாமனாரும் வந்தார். அண்ணன் ஆசாரத்தில் நாங்கள் ராத்திரியே போட்டுவைத்த சுண்ணாம்புக்கோடுகளைத் தாண்டித் தாண்டி நடந்து வந்து, தம்பி கொண்டுவந்த கட்டிலின்மேலேயே உட்கார்ந்து, வா என்று தலையாட்டினார். தம்பிக்கு என்ன முடிவு செய்வது என்று தெரியவில்லை. காபி குடித்துவிட்டுக் கட்டிலைத் திருப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் முடிவெடுக்காமல் போனது அன்றைக்கு ஒருநாள்தான்.

வெள்ளிக்கிழமை அதே ஆசாரி வந்து பழைய இடத்தில் புதுச்சட்டம் வைத்தார். வேண்டாம் என்று அறுத்து, வேணும் என்று வைக்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலி செய்துகொண்டே இழைத்தார். மாமனார் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். பேச ஆரம்பித்தார், நான் எழுந்து போகவில்லை. அறுத்த அன்றைக்கே அவர் சொன்னாராம். ஆசாரி ரம்பத்தை எடுத்ததும், அறுக்க வேண்டாம், அது இருந்தால்தான் எனக்குக் கால் எழும்புகிறது என்று சொல்ல வாயைத் திறந்தாராம். எனக்குச் சுருக்கென்றது. எப்பவுங்க மாமா சொன்னீங்க, காதில் விழவில்லையே என்றேன்.

அதற்கு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். “நா ஆரமிப்பேன். முடிக்கறதுக்குள்ள... நீ சரிங்க மாமான்னு... போயிருவ.” திட்டவில்லை, குறைகூடச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார். முறத்தில் கல் எது, அரிசி எது என்று எனக்குத் தெரியவில்லை. கையைக் கட்டி மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் தப்புப் பண்ணிட்டேனுங்க மாமா என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “கெணத்துமேட்டுல நீ கத்துனதும் நல்லதுதான். அன்னைக்குத்தான் நின்ன” என்றார். கண் மட்டும் சிரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். வீட்டிலிருந்து சாயாக்கடைக்கு ஒரு பர்லாங் தூரம். வண்டித்தடம் கொஞ்சம், தார்ரோடு மிச்சம். விடிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு வாளி சுண்ணாம்பும் தென்னைமட்டைத் தூரிகையுமாகக் கிளம்பினார். ஒரு எட்டுக்கு ஒரு கோடு. விஷயம் கேள்விப்பட்டு, கடையிலிருந்து சேட்டனும் சேக்காளிகளும் தங்கள் பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு கட்சியும் நடுவில் வேப்பமரத்தடியில் சந்தித்தன. சேட்டன் போட்ட கோடுகள் அவர் காலுக்கு ஏற்ற மாதிரிக் குட்டி எட்டாக இருந்தன. என் மாமனாரின் காலுக்கு இது போதாது என்று ஒரு சண்டை நடந்து, பாதியை அழித்துத் திரும்பப் போட்டார்கள்.

மாமனார் சலவை வேட்டி கட்டி, துண்டு போட்டுக் கிளம்பினார். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், பின்னால் நான், இடுப்பில் சின்னவள். அவர் முக்கால் தூரம் போன சமயம் சித்தூர் பஸ் வந்துவிட்டது. எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் செக்போஸ்ட் உண்டா, ரோட்டில் வரிசையாக வெள்ளைக்கோட்டைப் பார்த்த டிரைவர் புதுசாகச் செக்போஸ்ட் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண்டக்டர் பை நிறைய டிக்கெட் கட்டுகளோடு இறங்கி, யார் சோதனை, எந்தத் துறை என்று மலையாளத்தில் கேட்டார். சேட்டன் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். உயரமான ஒரு மனிதர், இல்லாத வரப்புகளைத் தாண்டுகிறதுபோல முழங்காலைத் தூக்கித் தூக்கி, ஒரு கோடு விடாமல் வந்துகொண்டிருந்தார். கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டி, எஞ்சினை அணைக்கச் சொன்னார். பஸ் முழுக்க ஜன்னல் வழியாகத் தலைகள். கடைசிக் கோட்டைத் தாண்டி அவர் பெஞ்சில் உட்கார்ந்தபோது பஸ்ஸுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. அப்புறம்தான் டபுள் பெல் அடித்தார்கள்.

மாமனாரின் கை நடுக்கத்தில் சிந்தாதபடி சேட்டன் பெரிய கிளாஸில் அரைக் கிளாஸ் சாயா கொடுத்தார். பேப்பரை நீட்டினார். மாமனார் தயங்கினார். பழைய குரல் இல்லையே, யாருக்குக் கேட்கும்? அப்போது அவருடைய சேக்காளிகளில் ஒருவர் எழுந்துபோய்க் கடை ரேடியோவை அணைத்தார். சேட்டன் சாயா ஆற்றுவதை நிறுத்தினார். எல்லாரும் பெஞ்சை நெருக்கிப் போட்டு அவர் வாயருகில் தலையைக் கொண்டுபோனார்கள். ஒரு செய்தி படிக்கக் கால் மணி ஆனது. நடுவில் ஒரு மந்திரி சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், அது புரிந்து அவர்கள் சிரித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கை எழும்பியது. கடை வேலிக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவர் சிரிக்காமலே சிரித்தது தெரிந்தது.

அதற்கப்புறம் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. தார்ரோட்டுக் கோடு பஸ் ஓடி அழிந்தால் சேக்காளிகள் முறை வைத்துப் போட்டார்கள். வழியில் இருந்த மூன்று வீட்டுப் பெண்களும் காலையில் கோலம் போட்டு முடித்ததும் ரோட்டில் அவருக்காக நாலு நேர்க்கோடு இழுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கோயமுத்தூர் டாக்டரிடம் அடுத்த தரம் போனபோது சொன்னோம். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாக்பீஸால் கோடு போட்டு நடக்கச் சொல்லிப் பார்த்தார். இப்படிச் சில பேருக்குக் கால் வரும் என்று படித்திருக்கிறேன், உங்களிடம் சொல்லத் தோன்றாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு நோயாளியையும் கூட்டிவந்து அந்தக் கோட்டில் நிறுத்தினார். அவரும் நடந்தார். அவர் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

நோய் தீரவில்லை. டாக்டர் சொன்னபடிதான் ஆனது. நாலு வருஷத்துக்கு மேலே அவர் சாயாக்கடைக்கு நடந்து போய் வந்தார். கடைசி இரண்டு மாதம்தான் படுக்கை, அதுவும் ஓட்டையில்லாத கட்டிலில். சேக்காளிகள் பேப்பரோடு வீட்டுக்கே வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். குரல் மூச்சாகக் குறைந்திருந்தது. ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் ஒரு உலை கொதித்துவிடும்.

அந்தச் சமயம் ஒரு மத்தியானம், சோறு ஊட்டி முடித்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். குனிந்து காதை வைத்துக்கொண்டேன். முதல் வார்த்தை வந்தது: அம்மிணி. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. என் மாமியார் அழுகிற மாதிரி வந்து நின்றார், என் வீட்டுக்காரரைக் கூப்பிட ஆள் போனது. ஏதோ ஆசீர்வாதம் செய்யப்போகிறார், அல்லது பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் இடுப்பு மரத்துப்போனது. இன்னைக்கு, என்றார். ரசத்துல, என்றார். இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

“உப்புப் போடல.”

என் மாமியார் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் வாயில் விட்டுப் பார்த்தேன், நிஜமாகவே உப்பில்லை. போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து இன்னொரு வாய் ரசஞ்சோறு கொடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு ருசித்தார். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்துக்காகக் குனிந்து நின்ற நேரம்தான் அந்த வீட்டில் நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை என்று தோன்றுகிறது. நின்று கேட்காமல் போன அந்த மூன்று மாதத்தில் அவர் இன்னும் என்னவெல்லாம் ஆரம்பித்து முடிக்காமல் விட்டாரோ என்று நினைக்கும்போது மட்டும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு முகம் சுடுகிறது.